உருளும்போது பேசக்கூடாது

மெக்கானிக்குக்குத் தெரிந்த திசைகள் இரண்டே இரண்டு: மேலே, கீழே. லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு அவை போதும். பதினாறாவது மாடியின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கீழே இருட்டுக்குள் டார்ச் அடித்து, வாயில் ஸ்க்ரூடிரைவரைக் கவ்வியபடி பாட்டு முனகுகிற ஆள் அவன். உயரம் அவனை ஒன்றும் செய்யாது. சுற்றுவதுதான் ஆகாது. சின்ன வயதில் ராட்டினத்திலிருந்து இறங்கியவன், தெருவிளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை விடவே இல்லை என்று அவனுடைய அக்கா இன்றைக்கும் ஊரைக் கூட்டிச் சொல்லிச் சிரிப்பாள். வாஷிங் மெஷினில் துணி சுழல்வதைப் பார்த்தாலே அவனுக்கு நாக்கு வறண்டுவிடும்.

அப்படிப்பட்டவன்தான் இப்போது கோயில் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு, பல் கிடுகிடுக்க, கொடிமரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். வெளிப் பிராகாரம் முழுவதையும் படுத்து உருண்டே சுற்றி வரப் போகிறான். அங்கப்பிரதட்சணம்.

எல்லாம் சிட்டுவுக்காக.

சிட்டு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வீட்டில் வைத்த செல்லப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் போட்டோவைப் பார்த்தே தள்ளிவிடுவாள். "இவருக்கு இடது கண்ணுல பவர் இருக்கும்மா, மறைக்கிறாங்க" என்பாள். "இவர் போட்டோகிராபரையே முறைக்கிறாரு, என்னை விட்டு வைப்பாரா?" என்பாள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அவளுடைய அம்மா ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் இந்தச் சாமியிடம் வந்து வேண்டிக்கொண்டாள்: "இவ எவனுக்குத் தலையாட்டுறாளோ, அவனை நானே என் கையால உன் பிராகாரத்துல உருட்டிக் கொண்டுவர்றேன்."

யாரை உருட்டுவது என்று தெரியாமலே வேண்டிக்கொண்ட வேண்டுதல் அது. மாட்டியவன் மெக்கானிக்.

மாட்டிய கதை வேறு. கண்ணாடிக் கடை நான்காவது மாடியில். மகளுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு போன அம்மா லிஃப்டில் சிக்கிக்கொண்டாள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், இருட்டில், தனியாக. மெக்கானிக் வந்து மேல்கதவை நெம்பித் திறந்து, இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே லிஃப்டின் சக்கரத்தைக் கையால் சுற்றி மேலே ஏற்றினான். கதவு திறந்ததும் வெளியே வந்த அம்மா, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "உள்ள ஃபேன் சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கவனிங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் நின்ற சிட்டு அவனைப் பார்த்தாள். அவன் சிட்டுவைப் பார்த்தான். அப்புறம் அந்த லிஃப்ட் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு கோளாறும் இல்லாமலே, பழுதுபார்க்கப்பட்டது.

சிட்டு அவனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனபோது அம்மா பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவள் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறவள். ஊசி நூலைக் கடித்துக்கொண்டே, "முதல்ல வேண்டுதல் முடியட்டும். நடுவுல எழுந்துட்டா, சாமி வேணாம்னு சொல்லிட்டார்னு அர்த்தம். முழுசா சுத்தி முடிச்சா அப்புறம் பேசலாம்" என்றாள். அவனைக் கூப்பிடுவதும் 'தம்பி'தான். குழாய் ரிப்பேர் செய்கிறவரும் அவளுக்குத் தம்பி, கூரியர்காரரும் தம்பி, இவனும் தம்பி.

மெக்கானிக் வீட்டில் ஒத்திகை பார்த்தான். பீரோவிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் உருண்டான்.

"எங்க இருக்க?" என்று போனில் கேட்டாள் சிட்டு.

"ஃப்ரிட்ஜுக்கு அடியில."

"மயக்கம் வருதா?"

"இல்ல. ஃப்ரிட்ஜுதான் சுத்துது. பாவம், புது ஃப்ரிட்ஜு."

"கண்ணை மூடாத. ஒரே இடத்தையே பாரு. ஒவ்வொரு தடவை மேல வரும்போதும் அதே இடம். மூளைக்கு ஒரு பிடிப்பு வேணும்."

"எந்த இடத்தைப் பாக்கிறது? தரையும் கூரையும் மாறி மாறி வருதே."

"எங்கம்மாவோட புடவையைப் பாரு. பக்கத்துலயே நடந்து வருவாங்க. கிளிப்பச்சைக் கலர் கட்டச் சொல்றேன். தப்பவே தப்பாது."

அந்தக் கோயிலின் வழக்கம் அப்படி. வேண்டிக்கொண்டவர் யாரோ அவரேதான் கூடவே நடந்து, கைகொடுத்து, கோணல் போனால் நேராக்கி, உருளுகிறவரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தலை சாமியின் பக்கம் இருக்க வேண்டும், கால் மதிலின் பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: படுத்ததிலிருந்து கொடிமரத்தைத் தொடும்வரை உருளுகிறவர் வாய் திறக்கக்கூடாது. சாமி பெயரைக்கூட மனசுக்குள்தான் சொல்ல வேண்டும். வாய் திறந்தால் சுற்று செல்லாது. கூட வருகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் பாடலாம், அழலாம், திட்டலாம்.

அன்று விடிந்து வெயில் கோபுரத்தில் ஏற ஆரம்பித்த நேரம். பிராகாரத்தில் ஏற்கெனவே நல்ல கூட்டம். ஈர வேட்டியும் திருநீறும் கல் தரையின் கருப்புமாக, யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாதபடி ஒரு பத்துப் பேர் முன்னும் பின்னுமாக உருண்டுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவரவர் வீட்டார் குனிந்தபடி நடந்தார்கள்.

சிட்டுவின் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, சிட்டுவின் அப்பாவிடம் நீட்டினாள்.

"அம்மா, கண்ணாடி போட்டுக்கோ" என்றாள் சிட்டு. "உன் பவர் என்னன்னு எனக்குத் தெரியும். மூக்குக்கு அந்தப் பக்கம் உனக்கு எல்லாமே பனிமூட்டம்."

"குளத்துல குளிச்சு ஈரமா இருக்கு, ஆவி படியுது. எனக்கு எதுக்கு? சாமிக்குக் கண் தெரியும்."

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பேச்சைக் குறைத்துக்கொண்டு விசிலில் காலத்தை ஓட்டியவர். கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கொடிமரத்தடியில் பைகளோடு சம்மணம் போட்டார். "ரைட், போலாம்!" என்றார்.

மெக்கானிக் படுத்தான். கைகளைத் தலைக்கு மேல் கூப்பினான். கல் சில்லென்று முதுகைக் கடித்தது. உருண்டான்.

முதல் புரட்டு நன்றாகவே இருந்தது. தரை, தூண், விதானம், கிளிப்பச்சை. தரை, தூண், விதானம், கிளிப்பச்சை. விதானத்தில் யாரோ எந்தக் காலத்திலோ தீட்டிய தாமரைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறை முகம் மேலே வரும்போதும் ஒரு தாமரை அவனை எட்டிப் பார்த்தது. பரவாயில்லையே என்று நினைத்தான். நினைத்த மறுகணமே தாமரைகள் மெல்லச் சுழல ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு அதன் பக்கத்துத் தாமரை, பிறகு கூரை முழுக்க, தொழிற்சாலையில் மின்விசிறிகளைச் சோதிப்பதுபோல. தூணில் செதுக்கிய யாளி ஒன்று வாயைத் திறந்து சிரித்தது. அடுத்த தூணின் யாளி அதைப் பார்த்துச் சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது; வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கால், தம்பி, கால்! சாமி பக்கம் போகுது" என்று மேலேயிருந்து குரல் வந்தது. கை ஒன்று இடுப்பைப் பிடித்து நேராக்கியது.

முதல் மூலை வந்தது. மூலையில்தான் வம்பு. தலையை அப்படியே வைத்துக்கொண்டு காலை மட்டும் பெரிதாக வீசித் திரும்ப வேண்டும். மெக்கானிக் வீசினான். அவனுக்கு முன்னால் போனவரும் வீசினார். பின்னால் வந்தவர் வீசவில்லை, நேராக வந்து இடித்தார். மூன்று பேரும் பிரம்புக் கூடையிலிருந்து கொட்டிய வெள்ளரிக்காய்போல ஒருவர்மேல் ஒருவர் உருண்டார்கள். "பாத்து, பாத்து!" "ஐயோ என் வீட்டுக்காரர்!" "அந்தக் கால் யாரோடது?" என்று சத்தம். பல கைகள் வந்து பிரித்தன. யாரையோ யாரோ பிடித்து, நேராக்கி, தள்ளிவிட்டார்கள்.

மெக்கானிக் முகம் மேலே வந்தபோது கிளிப்பச்சையைத் தேடினான். பக்கத்தில் நடந்தது ஆரஞ்சு.

மறுபடி உருண்டான். ஆரஞ்சு.

அப்புறம், சுழலும் தூண்களுக்கு நடுவே, தூரத்தில், கிளிப்பச்சைப் புடவை தெரிந்தது. அது குனிந்து நடந்துகொண்டிருந்தது, வேறு ஒருவரை உருட்டியபடி, மிகுந்த அக்கறையோடு.

அடுத்த புரட்டில் மறுபடி பார்த்தான்; அதே கிளிப்பச்சைதான். என்னைப் பாதியில் விட்டுவிட்டாளா? பிடிக்கவில்லை என்று வாயால் சொல்ல மனம் வராமல் இப்படிக் காட்டுகிறாளா? பார்த்துவைத்த வேறு மாப்பிள்ளையை இங்கேயே வரச் சொல்லியிருந்தாளா? கூப்பிட்டுக் கேட்டால் சுற்று செல்லாது. எழுந்து ஓடினாலும் செல்லாது. உருளுகிறவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அவன் உருண்டான்.

ஆரஞ்சுப் புடவைக்காரம்மா கண்ணை மூடியபடி ராகமாகப் பாடிக்கொண்டே வந்தாள். பார்க்காமலே கை அவன் முதுகைத் தட்டித் தட்டி நகர்த்தியது. இரண்டாவது மூலை திரும்பியதும் பாட்டை முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

"ஐயையோ! நீங்க யாரு?"

மெக்கானிக் கண்ணை உருட்டினான்.

"எங்க வீட்டுக்காரர் எங்க? பேக்கரி வெச்சிருக்காரே, கொஞ்சம் சதைப்பிடிப்பா, மூக்கு மேல மச்சம்..."

மெக்கானிக் புருவத்தால் முன்பக்கம் காட்டினான். அதற்குள் முகம் தரைக்குப் போய்விட்டது. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து காட்டினான்.

அந்தம்மா எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே, அவரை யாரோ ஓட்டிக்கிட்டுப் போறாங்களே!" என்றாள். அப்புறம் கீழே பார்த்தாள். "உங்களை விட்டுட்டு அங்க ஓடினா நீங்க நட்டாத்துல நிப்பீங்க. யாரோ பெத்த புள்ளை. சரி, வாங்க. அவரை யாரோ பாத்துக்கிறாங்க, உங்களை நான் பாத்துக்கறேன். சாமிக்கு எல்லாம் ஒரே கணக்குதான்."

அவள் நல்லவள். நேராக்கினாள், முதுகில் ஒட்டிய குச்சியைத் தட்டிவிட்டாள், வழியில் நின்றவர்களை அதட்டி விலக்கினாள். "மயக்கமா இருக்கா? முகமெல்லாம் வெளுத்திருக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் குறட்டை நின்னா உருட்டுறேன்னு வேண்டிக்கிட்டேன். நின்னுச்சான்னு கேக்கிறீங்களா? நிக்கல. எனக்குக் காது பழகிடுச்சு, நல்லாத் தூங்கறேன். அதுவும் சாமி கொடுத்ததுதானே?"

மெக்கானிக்கின் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மோதிக்கொண்டன. மூன்றாவது மூலையில் தரைக்கும் கூரைக்கும் வித்தியாசமே போய்விட்டது. தான் தரையில் உருள்கிறோமா, தாமரைகள்மேல் உருள்கிறோமா என்று தெரியவில்லை. கோயில்தான் ஒரு பெரிய சக்கரம்போலச் சுற்றுகிறது, தான் மட்டும் அதன் நடுவில் அசையாமல் கிடக்கிறோம் என்று தோன்றியது. எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் கை ஊன்றினான். தூண் ஒன்றின் அருகே சிட்டு நின்றாள். இரண்டு சிட்டுகள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து, அம்மா போகிற திசையையும் இவன் வருகிற திசையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு சிட்டுகளும் ஒரே நேரத்தில், உருளு உருளு என்று கையைச் சுழற்றினார்கள்.

ஊன்றிய கையை எடுத்துவிட்டு உருண்டான்.

கடைசியில் கொடிமரம் வந்தது. அதுவும் இரண்டு. இரண்டில் எது மெதுவாகச் சுற்றியதோ அதைப் பாய்ந்து தொட்டான். அது சிட்டுவின் அப்பாவுடைய முழங்கால். அவர் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருந்த கொடிமரத்தில் வைத்து, "ஸ்டாப்பிங் இது" என்றார்.

அங்கே ஏற்கெனவே ஒரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. சிட்டுவின் அம்மா தான் கொண்டுவந்து சேர்த்த ஆளின் நெற்றியில் திருநீறு பூசி, ஈரத்தலையைத் தன் முந்தானையாலேயே துவட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆள், பேக்கரிக்காரர், கொடிமரத்தில் ஒரு கை வைத்தபடி மெல்ல வாய் திறந்தார்.

"அம்மா, ரொம்ப நன்றிம்மா. ஆனா எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

முந்தானை அப்படியே நின்றது. அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து நீட்டினார். அம்மா போட்டுக்கொண்டாள். பேக்கரிக்காரரைப் பார்த்தாள். அவருடைய மூக்கின் மச்சத்தைப் பார்த்தாள். திரும்பி, அப்பாவின் முழங்காலை இன்னும் விடாமல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"அதான் இவ்வளவு கனமா இருந்துச்சா!" என்றாள்.

"நான் மூலையிலேருந்து கத்தறேன், உனக்குக் கேக்கவே இல்ல!" என்று ஓடி வந்தாள் சிட்டு. "நீ பாட்டுக்கு அவர்கிட்ட குசுகுசுன்னு பேசிக்கிட்டே போற!"

பேச்சு என்றதும் அம்மாவின் முகம் மாறியது. காது வரைக்கும் சிவந்தது. "நான் ஒண்ணும் பேசல" என்றாள் அவசரமாக.

"பேசினீங்களேம்மா" என்றார் பேக்கரிக்காரர் வெள்ளந்தியாக. சுற்று முழுக்க வாயை மூடி வைத்திருந்தவருக்கு இப்போது அணை உடைந்தது. "நான் அவர் இல்லைன்னு சொல்ல வாய் துடிச்சுது. சொன்னா சுத்து போயிடும். என்ன செய்யறது? கேட்டுக்கிட்டே உருண்டேன். தம்பி, நீங்கதானே லிஃப்ட் மெக்கானிக்? இதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டிய பேச்சு. நான் வெச்சுக்கறது நியாயமில்ல."

"ஐயா, விடுங்க" என்றாள் அம்மா.

"லிஃப்டுல மாட்டின அன்னைக்கு இவங்க உள்ள உக்காந்து அழுதாங்களாம். நீங்க மேல இருந்து, 'அம்மா, கேரியர்ல என்ன சமையல்'னு கேட்டு, ஒவ்வொரு டப்பாவா திறந்து சொல்லச் சொன்னீங்களாம். கடைசி டப்பா திறக்கிறதுக்குள்ள லிஃப்ட் மேல வந்துடுச்சாம். அப்புறம் அவங்க அழுததை நீங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லலையாம். அவங்க பொண்ணுகிட்டக்கூட."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீ அழுதியா?"

"தூசி" என்றாள் அம்மா.

"அன்னைக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்களாம்" என்று தொடர்ந்தார் பேக்கரிக்காரர். "கல்யாணப் புடவை வாங்கித் தையல் மெஷினுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்களாம். உங்க சட்டைக்குத் துணியும் எடுத்தாச்சு, அளவு மட்டும் கண்ணாலயே எடுத்தாங்களாம். மாப்பிள்ளைன்னு கூப்பிடணும்னு ஆசையா இருக்காம். முகத்தைப் பாத்துக் கூப்பிட வாய் வரமாட்டேங்குதாம். இப்படிக் குப்புறக் கிடக்கும்போது சொன்னாதான் உண்டுன்னாங்க."

"மெஷினுக்கு அடியிலயா?" என்றார் அப்பா. "அதான் ஒரு மாசமா காலை நீட்ட விடாம விரட்டினியா?"

பேக்கரிக்காரரின் மனைவி முதலில் சிரித்தாள். அப்புறம் சிட்டு. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த, இதில் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு குடும்பமே சிரித்தது. மெக்கானிக்குக்குத் தலை இன்னும் சுற்றியது. ஆனால் இந்தச் சுற்று எதனால் என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தான். கொடிமரம் அவனைத் தாங்கிக்கொண்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி. வேண்டுதல் முடியலையே" என்றாள். "என் கையால உருட்டிக் கொண்டுவர்றேன்னுதானே சொன்னேன். நான் உருட்டினது வேற ஆளை. சாமிக்குச் சொன்ன வாக்கு அப்படியே நிக்குது. இந்தத் தம்பியை இன்னொரு தடவை படுன்னு எந்த வாயால சொல்றது? முகத்தைப் பாரு, காகிதம் மாதிரி இருக்கு. அடுத்த மாசம் வந்து..."

பேச்சு முடியவில்லை. மெக்கானிக் மறுபடி படுத்துவிட்டான். கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினான்.

"டேய், வேணாம்டா, விழுந்துடுவ" என்றாள் சிட்டு.

படுத்திருக்கிறவன் இனி எங்கே விழுவது என்று அவன் கண்ணாலேயே கேட்டான்.

அம்மா கண்ணாடியை மூக்கின்மேல் அழுத்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்பா எழுந்தார், பைகளைத் தோளில் மாட்டினார். "ரைட், போலாம்!"

இந்த முறை தனியாகப் போகவில்லை. ஒரு பக்கம் சிட்டு, பின்னால் அப்பா, முன்னால் பேக்கரிக்காரரும் அவருடைய மனைவியும் "வழி விடுங்க, ரெண்டாவது ட்ரிப்பு, வழி விடுங்க" என்று கூவியபடி. தேங்காய் உடைத்த குடும்பமும் கூடவே வந்தது. முடிவு தெரியாமல் அவர்களால் வீட்டுக்குப் போக முடியாது. பக்கத்தில், குனிந்து, கையை அவன் இடுப்பில் வைத்தபடி, கிளிப்பச்சை.

தரை, தூண், விதானம், கிளிப்பச்சை.

ஆனால் அம்மா பேசவில்லை. முதல் பக்கம் முழுக்க ஒரு சொல் இல்லை. வேறு ஒருவரிடம் அத்தனையும் கொட்டிய வாய், உரியவன் கிடைத்ததும் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மட்டும் அவனைப் பார்ப்பதும் விலகுவதுமாக இருந்தன. மூலை வந்தது. அவன் தலையை வைத்துக்கொண்டு காலை வீசினான். இரண்டு கைகளும் அவனை அழுத்திப் பிடித்துக்கொண்டன. இந்த முறை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி. கால் கொஞ்சம் கோணிக்கொண்டு போனது. வேண்டுமென்றே கோணினானா, மயக்கத்தில் கோணியதா என்பது அவனுக்கே தெரியாது.

"கால்..." என்று ஆரம்பித்தாள் அம்மா. நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும், தேங்காய்க் குடும்பம் உட்பட, மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கால் சாமி பக்கம் போகுது, மாப்பிள்ளை. நேரா உருளுங்க."

மெக்கானிக்கின் கன்னங்கள் உப்பின. கண்ணில் நீர் கோத்தது. சிரிப்பு தொண்டைவரை வந்து உதட்டை இடித்தது. அதை அப்படியே அடக்கிக்கொண்டு, பிராகாரத்தின் மீதிப் பக்கங்களை நோக்கி உருண்டான். விதானத்தில் தாமரைகள் எல்லாம் ஒன்றாகச் சுழன்றன. அவை நின்றுவிடக் கூடாதே என்று அவனுக்கு முதல் தடவையாக இருந்தது.